நாலு கல்லும் ஒரு மங்கையும்

கோவில்பட்டியில் ஒரு மடம் இருக்கிறது. தெருத்தெருவாகத் தேடினாலும் கிடைக்காது, அது செல்போனுக்குள் இருக்கிற மடம். 'ஒரு ஜிபி மடம்' என்று பெயர். பெரிய பெரிய கேம்களைப் பழைய கம்ப்யூட்டரில் ஓட்டப் பார்த்து அல்லாடுகிற நாற்பது ஐம்பது ஜீவன்கள் அந்த வாட்ஸ்அப் குழுவில் கூடிக் கிடந்தார்கள். மடத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. 'புதுசு ஒண்ணு வாங்கிர வேண்டியதுதானே' என்று எவனாவது வாய் தவறிச் சொன்னால் அன்றைக்கே அவனை வெளியே தள்ளிவிடுவார்கள். காசைக் கொட்டி ஓட்டுகிறவனுக்கு மடத்தில் என்ன சோலி?

மடாதிபதி ரெஜினா. வயசு முப்பது, பாலிடெக்னிக்கில் லேப் அசிஸ்டெண்ட். எந்த ஓட்டைக் கம்ப்யூட்டரைக் கொடுத்தாலும் அதில் எதை நிறுத்தினால் எது ஓடும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள்.

சிஷ்யை மங்கையர்க்கரசிக்கு ஐம்பத்து மூன்று. ரெஜினாவை டீச்சர் என்றும் வாங்க போங்க என்றும் கூப்பிட அவளுக்குக் கூச்சமே கிடையாது. தெரிஞ்சவங்ககிட்டக் கேட்டுக்கிட வேண்டியதுதான், இதில் வயசென்ன வேண்டிக்கிடக்கு என்பாள்.

மகன் பொன்ராஜ் ஒரகடத்துக்கு வேலைக்குப் போனபோது தன் பழைய கம்ப்யூட்டரை வீட்டில் போட்டுவிட்டுப் போனான். அதற்குள் ஒரு கேம் கிடந்தது. பாலைவனத்தில் ஊர் ஊராகப் போக வேண்டும், ஆட்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், சண்டை போட வேண்டும். கடைசியில் உப்புக்கோட்டைக்குள் போய் அங்கே இருக்கிற ராணியைப் பார்க்க வேண்டும். தூசி தட்டும்போது கை பட்டுத் திறந்ததுதான். அன்றைக்கு மத்தியானம் உலையில் போட்ட அரிசி குழைந்து கஞ்சியாகிவிட்டது.

வீட்டுக்காரர் வேலுச்சாமி காலையில் லாரி புக்கிங் ஆபீசுக்குக் கிளம்பினதும் மங்கை உட்கார்ந்துவிடுவாள். இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படித்து, புரியாததற்கு டிக்‌ஷனரி பார்த்து ஆடினாள். அவளுக்கு ஒரே ஒரு ஆசை. பத்தாவதோடு படிப்பு நின்றுபோனது. டைப்ரைட்டிங் போனாள், லோயர் பரீட்சைக்கு முன்னால் கல்யாணம். தையல் கற்றாள், ஜாக்கெட் வரைக்கும் வந்து விட்டுவிட்டாள். தொட்ட எதையும் முடிக்காதவள் என்று வீட்டில் பேர் வாங்கியாயிற்று. இந்த ஒன்றையாவது முடித்துக் காட்டிவிட வேண்டும் என்று அப்படி ஒரு வைராக்கியம்.

அதற்குக் கம்ப்யூட்டர் விட வேண்டுமே. படம் வெட்டி வெட்டி ஓடியது. வாளை ஓங்கினால், அது இறங்குவதற்குள் எதிரி நாலு வெட்டு வெட்டிவிட்டுப் போவான். ரெஜினாவிடம் ஓடினாள்.

"கனத்தை இறக்குங்கக்கா," என்றாள் ரெஜினா. ஒவ்வொன்றை நிறுத்தும் முன்னாலும் அதுவரை ஆடினதை ஒரு காப்பி எடுத்துத் தனியாக வைத்துக்கொள்ளவும் சொன்னாள். மடத்தில் எல்லோரும் செய்கிற வழக்கம்தான் அது.

மங்கை நிழலை நிறுத்தினாள். புல்லை நிறுத்தினாள். மழையை நிறுத்தினாள். படத்தைத் தீப்பெட்டி லேபிள் அளவுக்குச் சுருக்கினாள். சந்தைக்குள் போகும்போது நிமிர்ந்து பார்த்தால் கூட்டத்தில் படம் திணறும், அதனால் தரையைப் பார்த்தே நடக்கப் பழகினாள். ஓரளவு ஓடியது. இன்னும் கொஞ்சம் ஓடினால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது.

கேமுக்குள் அவள் கூட மூன்று பேர் இருந்தார்கள். கேமில் ஆட்களுக்கு நாமே பேர் வைத்துக்கொள்ளலாம். தீப்பந்தம் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்கிற தடியனுக்கு வேலுச்சாமி என்று வீட்டுக்காரர் பேரை வைத்திருந்தாள். நாயோடு வருகிற வில்லாளிக்குப் பொன்ராஜ். பாட்டுப் பாடியே காயத்தை ஆற்றுகிற வைத்தியச்சிக்குப் பேச்சித்தாய். அது அவளுடைய நாத்தனார் பேர்.

தீப்பந்த வெளிச்சம் கம்ப்யூட்டருக்கு ரொம்பக் கனம் என்று மங்கை கண்டுபிடித்தாள். வேலுச்சாமியை ஒரு சத்திரத்தில் விட்டுவிட்டு நடந்தாள். படம் சற்றே லேசானது. சாயங்காலம் நிஜ வேலுச்சாமி வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, முதல் வேலையா என்னையத்தான் கழட்டிவிட்டியாக்கும் என்று சொல்லிக்கொண்டே காபி குடித்தார். அடுத்தாப்போல நாய் கனம் என்று பொன்ராஜையும் அதே சத்திரத்தில் விட்டாள். பேச்சித்தாய் பாடும்போதெல்லாம் திரை முழுக்கப் பொறி பறந்து படம் நின்றே போகும். அவளையும் விட்டாள். ஒவ்வொரு தடவையும் சத்திரக்காரன் ஏதோ நீளமாகச் சொல்ல வந்தான். அவன் வாயைத் திறந்தால் படம் திணறியது. பேச்சைத் தள்ளிவிட்டுத் தாண்டிப் போனாள்.

அதற்கப்புறம் கேம் ஓடிய ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமே! மங்கைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தன்னந்தனியாக நூற்று நாற்பது மணி நேரம் ஆடினாள். தேளை வெட்டினாள், கொள்ளைக்காரனை வெட்டினாள், ஒருநாள் உப்புக்கோட்டை வாசலுக்கே வந்துவிட்டாள்.

வாசலில் நாலு கல் பதித்திருந்தது. நாலு கல்லிலும் நாலு பேர் ஏறி நின்றால்தான் கதவு திறக்கும்.

ஒரு கல்லில் மங்கை நின்றாள். மற்றதில் பானையைத் தூக்கி வைத்தாள். செத்த ஆட்டை இழுத்து வந்து போட்டாள். கதவு மசியவில்லை. சத்திரத்துக்குத் திரும்பி நடந்தாள். சத்திரக்காரன் இந்தத் தடவை சொன்னதை எழுத்துக்கூட்டி முழுக்கப் படித்தாள். முப்பது நாள் காத்திருந்தார்களாம், அப்புறம் அவரவர் பாட்டுக்குப் போய்விட்டார்களாம். அப்படிச் செய்வார்கள் என்று மூன்று தடவையும் சொன்னேனே என்றான்.

மங்கைக்கு ஒன்றும் விளங்கவில்லை. டீச்சர் சொன்னதைத்தானே செய்தோம், அதில் எங்கே தப்பு என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொண்டாள். சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் ரெஜினாவுக்குப் போன் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து ரெஜினா வீட்டுக்கே வந்தாள். முதலில் கம்ப்யூட்டர் மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தாள். மதர்போர்டில் ரெண்டு மூணு இடம் உப்பியிருந்தது. இந்தப் போர்டுக்கு மாற்று இப்போது எங்கேயும் கிடைக்காது, நாலு மாசம் ஓடினாலும் ஓடும், நாளைக்கே நின்றாலும் நிற்கும் என்று உள்ளதைச் சொன்னாள்.

முடிப்பதற்குள் இது போய்விட்டால், தொட்ட எதையும் முடிக்காதவள் என்ற பேர் கடைசிவரைக்கும் நின்றுவிடும். அந்தப் பயத்தில் மங்கைக்குக் கோபமும் வந்துவிட்டது.

"கனத்தை இறக்கு, கனத்தை இறக்குன்னு நீங்கதானே டீச்சர் சொல்லிக்கொடுத்தீங்க. இறக்கினேன். இப்ப கதவு திறக்க மாட்டேங்குது."

எதையெல்லாம் இறக்கினீர்கள் என்று ரெஜினா கேட்டாள். மங்கை வரிசையாக ஒப்பித்தாள். நிழல், புல், மழை, வேலுச்சாமி, நாய், பொன்ராஜ், பேச்சித்தாய். ஒப்பித்து முடித்ததும் நாற்காலியை விட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

ரெஜினா திட்டவுமில்லை, சிரிக்கவுமில்லை.

"கதவு திறக்கணும். அவ்வளவுதானேக்கா?"

"அவ்வளவுதான்."

ரெஜினா கீபோர்டில் ஏதோ ரகசிய வரியைத் தட்டினாள். நாலு கல்லும் சும்மா கிடக்க, கதவு தானாகத் திறந்துகொண்டது. இப்படி ஒரு வழி இருக்கிறதென்றால் முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று மங்கைக்குத் தோன்றியது. கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து உள்ளே போனாள்.

உள்ளே பெரிய மண்டபம். படம் ஒரு சொடுக்குக் கூட வெட்டவில்லை, அப்படியே வழுக்கிக்கொண்டு ஓடியது. ராணி உட்கார்ந்திருந்தாள். எதிரே நாலு பாய் விரித்திருந்தது. மங்கை ஒரு பாயில் உட்கார்ந்தாள். 'இவ்வளவு தூரம் எதற்கு வந்தாய்?' என்று ராணி கேட்டாள். மங்கை ஒரு பதிலைத் தேர்ந்தெடுத்தாள். ராணி தலையாட்டினாள்.

பிறகு அடுத்த பாயைப் பார்த்துத் திரும்பி, அதே கேள்வியைக் கேட்டாள். அந்தப் பாயில் யாருமில்லை. ராணி கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பதில் கேட்டுவிட்டவள் மாதிரித் தலையாட்டினாள். மூன்றாவது பாயைப் பார்த்துக் கேட்டாள், காத்திருந்தாள், தலையாட்டினாள். நாலாவதையும் அப்படியே. அதோடு திரை கறுத்தது. 'உப்புக்கோட்டைக்கு வந்தவர்கள்' என்று எழுத்து வந்தது. அதன் கீழே மங்கை என்ற பேர் மட்டும் ஏறி மேலே போனது. மொத்தம் ஆறு நிமிஷம்.

மங்கை இன்னும் ஏதாவது வரும் என்று பார்த்தாள். வரவில்லை.

"முடிஞ்சிட்டா டீச்சர்?"

"முடிஞ்சிட்டுக்கா."

"நான் முடிச்சிட்டேன்ல?"

"ஆமா."

கைதட்டிச் சிரிக்க வேண்டிய நேரம். மங்கைக்குச் சிரிப்பு வரவில்லை. ஆசைப்பட்டது கைக்கு வந்துவிட்டது, வந்ததை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அழுகை வருகிற மாதிரியும் இருந்தது, அழுவதற்கு ஒன்றும் நடக்கவில்லையே என்றும் இருந்தது. கேம் என்னமோ சரியாகத்தான் ஓடியது. அவ்வளவு நன்றாக அது ஓடி அவள் பார்த்ததே இல்லை. அந்த ராணி வெறும் பாயைப் பார்த்துத் தலையாட்டினாளே, அது மட்டும் கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்றது.

ரெஜினா காப்பி எடுத்து வைத்திருந்த இடத்தைத் திறந்தாள். மங்கை நல்ல சிஷ்யை, ஒன்று விடாமல் எடுத்து வைத்திருந்தாள். வேலுச்சாமியைச் சத்திரத்தில் விடுவதற்கு முந்தின நாள் காப்பியும் இருந்தது. எதைத் திறக்கட்டும் என்று ரெஜினா கேட்கவில்லை. எல்லாக் காப்பியும் தெரிகிற மாதிரி வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.

மங்கை கணக்குப் போட்டாள். அங்கே போனால் நூற்று நாற்பது மணி நேரம் போச்சு. மறுபடி அந்தச் சத்திரத்திலிருந்து நடக்க வேண்டும். அதுவும் அந்த வெட்டு ஓட்டத்தில் என்றால் நூற்று நாற்பது எழுநூறாகும். போர்டு வேறு உப்பிக் கிடக்கிறது. முடித்தாயிற்று என்று இப்போதே எழுந்து போனால் யார் என்ன சொல்லப்போகிறார்கள்? புத்தி இருக்கிற யாரும் எழுந்துதான் போவார்கள்.

அவள் கை பழைய காப்பியைத் திறந்தது.

திரையில் நாலு பேரும் ஒரு மணல் மேட்டில் நின்றார்கள். தீப்பந்தம் எரிந்தது. நாய் மண்ணைப் பிறாண்டியது. பேச்சித்தாய் ஏதோ பாட ஆரம்பித்தாள், பொறி பறந்தது, படம் திணறியது. மங்கை முன்னால் நடந்தாள். நாலு எட்டு வைத்தால் ஒரு எட்டுதான் நகர்ந்தது. முன்பென்றால் பல்லைக் கடித்திருப்பாள். இப்போது திரும்பிப் பார்த்தாள். மூன்று பேரும் வெட்டி வெட்டி வந்துகொண்டிருந்தார்கள்.

லீவில் வீட்டிலிருந்த நிஜ வேலுச்சாமி பேப்பரை மடித்து வைத்துவிட்டு வந்து பின்னால் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து ஸ்டூலை எடுத்து வந்து போட்டுக்கொண்டார்.

முக்கால் மணி நேரம் கழித்து ஒரு ஊர் வந்தது. நடந்தால் ஐந்து நிமிஷ தூரம்தான். ஊர் வாசலில் மங்கை காலை வைத்தாள். அவ்வளவுதான், படம் அப்படியே உறைந்துவிட்டது. உள்ளே காற்றாடி உறுமியது. மவுசை அசைத்துப் பார்த்தாள், ஒன்றும் நகரவில்லை.

"இந்தப் போக்கில் போனா கோட்டைக்கு நான் என்னைக்கு டீச்சர் போய்ச் சேருவேன்? அதுவரைக்கும் இது தாங்குமா?"

"தெரியலக்கா."

"தெரியலன்னா எப்படி? இந்தா, இப்பமே நின்னுட்டு பாருங்க."

ரெஜினா நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தித் திரையைப் பார்த்தாள்.

"நிக்கலக்கா," என்றாள். "எல்லாரும் உள்ள வந்துக்கிட்டிருக்காங்க."