மகாராஜாவின் நிழலில் புகுந்தவன்

முன்னொரு காலத்திலே, கடலுக்கு அந்தக் கரையில், ஜாவாத் தீவின் ஒரு மூலையைச் சுதவர்த்தனன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ஆள் குட்டை. கிரீடம் மட்டும் அவன் உயரத்துக்கு இருந்தது. வருஷத்துக்கு ஓர் அடுக்காக ஏற்றி ஏற்றி, கடைசியில் சொந்த அரண்மனை வாசலுக்குள் அவன் தவழ்ந்துதான் நுழைய வேண்டியதாயிற்று. அதைப் பார்த்துச் சிரித்தவர்களுக்குத் தலை போயிற்று. அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

அந்த ஊர் ஜனங்களுக்குப் பஞ்சாங்கம் அவரவர் நிழல்தான். உச்சிவேளையில் வெயிலில் நின்று, தன் நிழலைத் தன் பாதத்தால் அளப்பார்கள். நாலடி இருந்தால் சருகு கொளுத்தும் பருவம். ஓரடியாகக் குறுகிவிட்டால் மழை பக்கத்தில் வந்துவிட்டது. மதகைத் திறந்து நாற்று நட வேண்டியதுதான். நெட்டையனுக்கு நிழலும் நீளம், பாதமும் நீளம். குட்டையனுக்கு இரண்டும் குட்டை. ஆகவே ஊர் முழுக்க ஒரே கணக்கு வரும்.

இதில் வயிறெரிந்தவர் அரண்மனைச் சோதிடர் விரகுணர். ராஜாவின் கிரீடத்துக்கு வருஷா வருஷம் அடுக்கு ஏற்றச் சொன்னவரும் இவர்தான். நாள் கேட்க ஓர் ஈ காக்கைகூட அவர் வாசலுக்கு வருவதில்லை.

"மகாராஜா, கண்ட பயலெல்லாம் தன் நிழலைப் பார்த்துப் பருவம் சொல்கிறான். நாடு ஒன்று, ராஜா ஒருவர், நிழல் மட்டும் ஆளுக்கொன்றா?" என்று ஏற்றிவிட்டார்.

இனி அரசர் நிழலே நாட்டின் பருவம் என்று தண்டோரா போட்டார்கள். கிரீடத்தோடு நின்றால் நாலடி நிழல் எட்டடியாயிற்று. ஐந்தடி முதல் எட்டடி வரைக்கும் பழைய கணக்கில் பருவமே கிடையாது. "தங்களுக்காக வானம் நாலு பருவம் புதிதாகப் பெற்றிருக்கிறது மகாராஜா" என்றார் சோதிடர். அந்தப் பருவங்களுக்கு என்ன வேலை என்று யாருக்கும் தெரியாததால், யாரும் எந்த வேலையும் செய்யக்கூடாது என்று இன்னொரு தண்டோரா.

அரண்மனை முற்றத்தில் முந்திக்கொண்டு காய் வெடித்த இலவமரத்தைச் சங்கிலியால் கட்டினார்கள். அரசர் உத்தரவில்லாமல் கிளம்பிய ஈசல்களைப் பிடிக்கச் சிப்பாய்கள் போனார்கள். பிடித்ததை வறுத்துத் தின்றுவிட்டு, கைதிகள் பறந்துவிட்டார்கள் என்று எழுதிக்கொடுத்தார்கள்.

அந்த நாட்டில் ஐந்து நாளுக்கு ஒரு வாரமும் உண்டு. அதில் 'போன்' என்னும் நாளில் பிறந்ததால் போனியெம் என்று பேர் வைக்கப்பட்ட ஒருத்தி இருந்தாள். அவள் நாற்றங்காலில் பயிர் முற்றிக்கொண்டிருந்தது. நாலு நாளில் நடாவிட்டால் மாட்டுக்குப் போட வேண்டியதுதான். தன் நிழலை அளந்தாள்: ஓரடி. அரண்மனையில் கேட்டாள்: இரண்டடி, மதகு திறக்க உத்தரவில்லை. மதகுப் பூட்டைக் கல்லால் உடைத்தாள். அங்கேயே பிடித்துக்கொண்டார்கள்.

மறுநாள் உச்சிவேளை. அரண்மனை முற்றத்தில் ராஜா அன்றைய நிழல் கொடுத்துக்கொண்டிருந்தபோது அவளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

"தன் நிழலைப் பெரிதாக நினைத்தவள் இவள்தான்" என்றார் சோதிடர்.

"என் நிழல் தப்பு என்கிறாயா?" என்றான் ராஜா.

போனியெம்முக்குத் தெரியும், கிரீடம் என்று வாயெடுத்தால் தலை மிஞ்சாது.

"தங்கள் நிழலில் ஒரு தப்பும் இல்லை, மகாராஜா. அதற்குள் வேறு யாரோ புகுந்திருக்கிறான். அவனைத்தான் பிடிக்க வேண்டும்."

"உளறுகிறாள்" என்றார் சோதிடர்.

"நீர் சும்மா இரும். யாரவன்? எங்கே?"

"ஒரு கையை உச்சந்தலையில் வையுங்கள், மகாராஜா. முழங்கை வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும்."

கிரீடத்தின் அடியில் கையைச் செருகினான் ராஜா. தரையில் முழங்கையின் நிழல் விழுந்த இடத்தில் போனியெம் ஒரு குச்சியை நட்டாள்.

"குச்சிவரைக்கும் தாங்கள். அதற்கு மேலே படுத்திருப்பது யார்?"

ராஜா குனிந்து பார்த்தான். குச்சிக்கு அப்பால் இன்னொருவன் நிழல், ராஜாவின் நிழல் நீளத்துக்கே கிடந்தது.

"அடப்பாவி. பட்டப்பகலில் என் தலைமேல் ஏறி நிற்கிறான். சேனாபதி, என்ன பார்த்துக்கொண்டு நிற்கிறீர்? இறக்கும் அவனை."

சேனாபதி ஏணி போட்டு ஏறி, கிரீடத்தை இறக்கிக் கைவிலங்கு மாட்டப் பார்த்தார். அதற்குக் கை இல்லாததால் இடுப்பில் கயிறு கட்டினார்.

ராஜா பாதம் வைத்து அளந்தான். ஓரடி. ஏழு வருஷத்தில் முதல் தடவையாகக் கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

"இத்தனை நாளாக இவனுக்கு அடுக்கு ஏற்றச் சொன்னவர் யார்?"

எல்லாரும் சோதிடரைப் பார்த்தார்கள். சோதிடர் இலவமரத்தைப் பார்த்தார்.

மதகு திறந்தது. இலவமரத்திடம் மன்னிப்புக் கேட்டு ஓலை வாசித்தார்கள்.

"உனக்கு என்னம்மா வேண்டும்?" என்றான் ராஜா.

"வயலில் குருவித் தொல்லை, மகாராஜா. உயரமாக ஓர் ஆள் கொடுத்தால் போதும்."

கிரீடத்தைச் சூட்டி விரகுணரை வரப்பில் நிறுத்தினார்கள். மூன்று வாரம் போயிற்று. ஒருநாள் உச்சிவேளையில் ராஜா வெறுந்தலையோடு வயல் பார்க்க வந்தான். சூரியன் நேர் தலைக்கு மேலே நின்றது. ராஜா காலடியைப் பார்த்தான், நிழல் இல்லை. போனியெம்மின் காலடியைப் பார்த்தான், அங்கேயும் இல்லை.

"இன்று எனக்கு எத்தனை அடி?"

"ஒன்றுமில்லை, மகாராஜா. எனக்கும் அவ்வளவேதான்."

ராஜா யோசித்தான். பிறகு வரப்புப் பக்கம் திரும்பிக் கேட்டான்: "சோதிடரே, உமக்கு?"

சோதிடர் கீழே பார்க்கத் தலையைக் குனிந்தார். கிரீடம் சேற்றில் விழுந்தது. குருவிகள் வந்து அதன்மேல் உட்கார்ந்தன.