முதலில் கற்ற வாக்கியம்

"பாஸ்வேர்ட் தெரியாமல் ஒரு போனைத் திறக்க வழி இருக்கா டீச்சர்?"

கோவில்பட்டியில் போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தாள் ரெஜினா. தொழில் கற்றுக்கொள்ள வந்தவர்கள் எல்லோரும் அவளை டீச்சர் என்றார்கள். ராஜாமணியும் அப்படித்தான் அழைத்தார். அவர் அவளைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர். லாரி ஓட்டுவதை விட்டுவிட்டு எட்டு மாதமாக அவளிடம் கற்றுக்கொண்டிருந்தார்.

"யார் போனு அண்ணாச்சி?"

"ஒரு கஸ்டமரோடது."

"குடுங்க பாப்போம்."

கொடுத்தார். உறையில் இரண்டு பச்சைக்கிளிகள். ரெஜினா அதைக் கழற்றிவிட்டு விளிம்பை விரலால் தடவினாள்.

"இந்தக் கண்ணாடி நம்ம கடையில போட்டது."

"ஆமா."

"நீங்க போட்டது."

"ஆமா."

"பேரைச் சொல்லுங்க. உங்க வீட்டு அக்கா போன்னு."

ராஜாமணி ஸ்குரூ டிரைவர்களை நீளப்படி அடுக்கத் தொடங்கினார். அவை ஏற்கெனவே அப்படித்தான் இருந்தன.

"என்ன சொல்லி வாங்கிட்டு வந்தீங்க?"

"சார்ஜ் ஏறலன்னு சொன்னேன். கடையில வச்சுப் பாக்குறேன்னு."

"ஏறுதா?"

"நல்லாத்தான் ஏறுது."

ரெஜினா சிரிக்கவில்லை.

"பாஸ்வேர்ட் அக்காகிட்டயே கேட்டிருக்கலாமே."

"அவளே கேட்டா, பாஸ்வேர்ட் வேணுமான்னு. வேண்டாம்னுட்டேன்."

"ஏன்?"

"குடுக்கறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் அழிச்சிருவாளே."

அந்தப் பதிலை அவர் யோசித்து வைத்திருந்தார். சொன்னபோது அது வீட்டில் இருந்த அளவுக்குப் பலமாக இல்லை.

"பத்தொன்பது வருஷமா கல்யாண நாள்தான் டீச்சர். எந்தப் போன் வாங்கினாலும் அதுதான். நானும் எடுப்பேன், அவளும் எடுப்பா. இப்ப மூணு வாரமா அது இல்ல."

"சரி."

"முன்னாடி போனை எங்கயாவது போட்டுட்டுத் தேடுவா. இப்ப சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்துல கவுத்து வச்சிருக்கா. ஒரு சத்தம் வந்தா எடுத்துப் பாக்கா. பாத்துட்டுச் சிரிக்கா. என்னன்னு கேட்டா, கம்பெனி குரூப்புன்னு சொல்லுதா."

அவர் மனைவி செண்பகம், ஒரு கடலைமிட்டாய் கம்பெனியில் பொட்டலம் கட்டும் பிரிவில் இருந்தாள்.

"கம்பெனியில யாரு?"

"ஜெயசீலன்னு ஒருத்தன். சூப்பர்வைசர். சட்டையை உள்ள விட்டு பெல்ட் போட்டிருப்பான்."

"அது குத்தமா?"

"அந்த வெயிலுக்கு யார் டீச்சர் பெல்ட் போடுவா?"

ரெஜினா போனின் திரையைத் தட்டினாள். ஒரு எச்சரிக்கை வந்தது. அதைப் படித்தாள்.

"எட்டுத் தடவை தப்பா அடிச்சிருக்கீங்க."

அவர் கடைசி ஸ்குரூ டிரைவரையும் நேராக்கினார்.

"பத்தாவது தப்புல உள்ள இருக்கறது எல்லாம் போயிரும். அது உங்களுக்குத் தெரியும்."

தெரியும். செண்பகத்தின் தம்பி போன வருஷம் இறந்துபோனான்; அவன் அனுப்பிய குரல் செய்திகள் அதில்தான் இருந்தன. துணி மடிக்கும்போது அவள் அவற்றைக் கேட்பாள். வேறு எங்கும் அவை இல்லை.

"என்னென்ன அடிச்சீங்க?"

"கல்யாண நாள். அவ பிறந்த நாள். மக பிறந்த நாள். தம்பி போன நாள். வீட்டு நம்பர்."

"அஞ்சு."

"ஜெயசீலன் வண்டி நம்பர்."

ரெஜினா நிமிர்ந்தாள்.

"அதைத் திருப்பிப் போட்டு ஒண்ணு. அப்புறம் அவன் போனோட கடைசி நாலு நம்பர்."

"வண்டி நம்பர் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கம்பெனி வாசல்ல நிக்குமில்ல. பாத்துப் பாத்து மனப்பாடம் ஆயிருச்சு."

"அக்காவுக்குத் தெரியுமா, அந்த நம்பர்?"

ராஜாமணி யோசித்தார். செண்பகத்துக்கு அவர் ஓட்டிய லாரியின் எண்ணே கடைசிவரை தெரியாது.

"தெரியல."

"உங்க பிறந்த நாள்?"

அவர் கிளி உறையை எடுத்துச் சட்டையில் துடைத்தார்.

"அதை அடிக்கல."

"ஏன் அண்ணாச்சி?"

"அதுவும் இல்லன்னு ஆயிட்டா?"

மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருமுறை டக்கென்றது. ரெஜினா போனைக் கவிழ்த்து, தன் கைக்கெட்டும் தட்டில் வைத்தாள்.

"சொல்லுங்க டீச்சர். வழி இருக்கா, இல்லையா?"

"இருக்கு."

"எனக்குச் சொல்லித் தருவீங்களா?"

"அதை உங்களுக்கு முதல் நாளே சொல்லிக் குடுத்தாச்சு."

"இல்லையே. முதல் நாள் நான் ஸ்குரூகூடக் கழட்டல."

ரெஜினா பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, விட்ட வேலைக்குக் குனிந்தாள்.

"அந்தப் பொண்ணு ரொம்ப நேரமா நிக்குது. போனைக் குடுத்து அனுப்புங்க."

கையில் ஹெல்மெட்டோடு ஒரு பெண் மேஜைக்கு அந்தப்புறம் நின்றிருந்தாள்.

ராஜாமணி எழுந்தார். அவளுடைய போன் தயாராக இருந்தது. பின்புறம் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. பழுது பார்த்தபின் சோதிப்பதற்காக, கொடுப்பவரிடமே பாஸ்வேர்டைக் கேட்டு அந்தச் சீட்டில் எழுதிக்கொள்வது கடை வழக்கம். திருப்பித் தரும்போது அவர்கள் கண்ணெதிரே அதைக் கிழிக்க வேண்டும். கிழித்துவிட்டு ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். சேர்ந்த அன்று அந்த வாக்கியம் பிசகாமல் வரும்வரை ரெஜினா அவரை எந்தக் கருவியையும் தொட விடவில்லை. இப்போது ஒரு நாளைக்கு முப்பது தடவை சொல்கிறார். சொல்லும்போது மனம் வேறெங்காவது இருக்கும். இந்த மூன்று வாரமாக அது கடலைமிட்டாய் கம்பெனி வாசலில் இருந்தது.

சீட்டை உரித்தார். நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார். வாய் தானாகச் சொன்னது.

"சீட்டைக் கிழிச்சாச்சு. ஆனா எங்களுக்கு ஒருதடவை தெரிஞ்சுபோச்சு, இனி அது ஆகாது. இன்னைக்கே பாஸ்வேர்டை மாத்திருங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க."

அந்தப் பெண் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"வீட்டுக்காரர்கிட்டகூடவா அண்ணே?"

ராஜாமணி பதில் சொல்ல வாயெடுத்தார்.

நின்றார்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை. புதுக் கண்ணாடி போட்ட போனை வாங்க செண்பகமே கடைக்கு வந்திருந்தாள். ஏகப்பட்ட கூட்டம். உள்ளே வந்து உட்காரச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. அவளும் எல்லோரையும் போல வரிசையில் நின்றாள். அவள் முறை வந்தது. அவர் சீட்டைக் கிழித்தார். வாக்கியத்தைச் சொன்னார்.

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கும்படி கேட்டாள்.

"வீட்டுக்காரர்கிட்டகூடவா?"

அவர் தலை நிமிரவில்லை.

"யாரா இருந்தாலும். அடுத்த ஆள் வாங்க."