சுடலைமுத்துவுக்கு என்ன பண்ணுது?

குடல் நோய்ப் பிரிவுக்குத் தலைவி டாக்டர் ஜெபக்கனி. அவரிடம் மேற்படிப்புக்கு வந்திருந்த டாக்டர் காஜா மைதீனுக்கு அவரைவிட ஐந்து வயது அதிகம். சந்தேகமும் அதிகம்.

"மேடம், லாரி டிரைவர் சுடலைமுத்து. வேலைக்குச் சேர உடல் பரிசோதனை பண்ணியிருக்கார். லிப்பேஸ் நாலு மடங்கு. மறுபடி எடுத்தேன், அதேதான். ஸ்கேன், எம்.ஆர்.ஐ. எல்லாம் சுத்தம். கணையம் கெட்டாத்தானே அந்த நொதி ரத்தத்துல இப்படி ஏறும்? நோய் எங்க ஒளிஞ்சிருக்கு?"

"என்ன பண்ணியிருக்கீங்க சார்?"

"சாப்பாட்ட நிறுத்தி டிரிப்ஸ் போட்டிருக்கேன். நாளைக்குக் காலையில கணையத்துக்குள்ள டியூப் விட்டுப் பாத்துடலாம்."

ஜெபக்கனி எழுந்து வார்டுக்கு நடந்தார்.

கட்டிலருகே சுடலைமுத்துவின் மனைவி அழுதுகொண்டிருந்தார். கணையம் என்று போனில் தேடிப் பார்த்திருக்கிறார். சுடலைமுத்துவின் அண்ணனும் தங்கையும் கால்மாட்டில் நின்றார்கள்.

"உங்களுக்கு என்ன பண்ணுது?"

"எனக்கு ஒண்ணும் பண்ணல டாக்டரம்மா. இந்த சாருதான் என்னத்தையெல்லாமோ பண்ணுதாரு."

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார்.

"வயிறு?"

"அது நேத்துலேருந்து சுருட்டிச் சுருட்டி இழுக்கு."

காஜா மைதீன் துள்ளினார். "பாத்தீங்களா மேடம்! வலி ஆரம்பிச்சிருச்சு."

"பசி சார்," என்றார் சுடலைமுத்து.

ஜெபக்கனி டிரிப்ஸைக் கழற்றச் சொல்லி, இட்லி வாங்கிவரச் சொன்னார். திரி பற்றிய வெடியைப் பார்ப்பதுபோல் காஜா மைதீன் பார்த்துக்கொண்டிருந்தார். சுடலைமுத்து தின்று முடித்து ஏப்பம் விட்டார்.

"வடை கிடையாதா?"

அண்ணன், தங்கை இருவரின் ரத்தத்தையும் ஜெபக்கனி பரிசோதனைக்கு அனுப்பினார். மாலையில் முடிவு வந்தது. தங்கைக்கு மூன்று மடங்கு. அண்ணனுக்கு ஐந்து. இருவரும் வயிற்றுவலி என்று ஒருநாளும் படுத்ததில்லை.

காஜா மைதீன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்போ மூணு பேரையும் அட்மிட் பண்ணணுமா மேடம்?"

"மூணு பேரையும் வீட்டுக்கு அனுப்புங்க. ஆறு மாசம் கழிச்சு வந்து காட்டட்டும். சில குடும்பத்துக்கு ரத்தமே இப்படித்தான்."

காஜா மைதீன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ நான் தேடின நோய்?"

"அதுவா சார்? டியூப் உள்ள போனா நல்ல கணையமும் வீங்கிரும். அந்த நோயத்தான் நாளைக்குக் காலையில வரச் சொல்லியிருந்தீங்களே."