பல்லக்குக்கு யார் தலைவன்?

நாட்டாமையே இல்லாத ஊர் ஒன்று இருந்தது. வாய்க்கால் வெட்டுவதோ வழக்குத் தீர்ப்பதோ, எல்லோரும் கூடிப் பேசிச் செய்துகொள்வார்கள். அரண்மனை அதிகாரிக்கு அது பொறுக்கவில்லை. பல்லக்கில் வந்து இறங்கினார்.

“அதிகாரம் பண்ண ஒருத்தன் இல்லாமல் எந்தக் காரியமாவது ஒழுங்காக நடக்குமா? ஒன்றே ஒன்று காட்டுங்கள். இல்லையென்றால் இன்று முதல் என் மச்சான்தான் உங்களுக்கு நாட்டாமை!”

நாற்று நட்டுக்கொண்டிருந்த மூக்காயி சேற்றுக் கையோடு கரையேறினாள்.

“நீங்க வந்த பல்லக்கு போதாதா சாமி? முன்னால போற அண்ணன் கல்லு, பள்ளம்னு குரல் கொடுக்கிறாரு. பின்னால வர்றவரு காலை மாத்தி வைக்கிறாரு. இதுல யாரு தலைவன்?”

“நான்தான்!”

“அப்போ அவங்க வாயைத் திறக்க வேண்டாம். நீங்களே சொல்லி நடத்துங்க, பார்ப்போம்.”

அதிகாரி ஜம்மென்று ஏறி உட்கார்ந்தார். “இடது! வலது! வேகமாக!”

வரப்பு வளைந்தது உள்ளே இருந்தவருக்குத் தெரியவில்லை. பல்லக்கு சாய, அதிகாரி தலைகுப்புற வயலுக்குள் விழுந்தார். உத்தரவு போட வாயைத் திறந்தால் வாய் நிறையச் சேறு. அதற்குள் நடவுப் பெண்களும் பல்லக்குத் தூக்கிகளும் ஓடிவந்து அவரைத் தூக்கி நிறுத்தினார்கள்.

பிள்ளைக்குத் துடைப்பதுபோல் மூக்காயி முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள்.

“இப்போ சொல்லுங்க சாமி. உங்களைத் தூக்கச் சொல்லி உத்தரவு போட்டது யாரு?”

மச்சான் அந்த ஊர்ப் பக்கம் வரவே இல்லை.