நாற்பது கலயம்

மருதப்பன் வாத்தியார் மடத்துக்குள் நுழைந்த வேகத்தில் வாசல் கதவு சுவரில் மோதித் திரும்பியது. அறுபத்திரண்டு வயது. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பிரம்பு பிடித்த மனிதர். ஓய்வு பெற்ற கையோடு இந்த ஆற்றங்கரை மடத்தில் சீடராகச் சேர்ந்தார். வீட்டை விட்டார், காப்பியை விட்டார். கோபத்தை மட்டும் விட்டபாடில்லை.

குரு வெள்ளையம்மை அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஒரு மாத யாத்திரை முடித்து நேற்றுத்தான் திரும்பியிருந்தார். முற்றத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“கீழத்தெரு பொன்னுக்கிளியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்கம்மா. டெங்குவாம். ஏழு மாசம் வேற. பிளேட்லெட் இறங்கிக்கிட்டே போகுதுங்கிறாங்க.”

“டாக்டர் என்ன சொல்றார்?”

“நாளைக்குத்தான் எதையும் சொல்ல முடியுமாம்.”

வாத்தியார் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அந்தப் பெண்ணுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக் கொடுத்ததே அவர்தான்.

“தொண்டைத் தண்ணி வத்தக் கத்தினேனே. தேங்கின தண்ணியைக் கொட்டுங்க, தொட்டியை மூடுங்க, சிரட்டையைக் கவுத்துப் போடுங்கன்னு வீடு வீடா ஏறி இறங்கினேன். செவிடன் காதுல ஊதின சங்கும்மா. இந்த ஜனம் என்னைக்குத்தான் சொன்ன பேச்சைக் கேக்கும்?”

வெள்ளையம்மை கீரையை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்தார்.

“வாங்க, பார்த்துட்டு வருவோம்.”

பொன்னுக்கிளி வீட்டில் மாமியார் பிச்சம்மாள் மட்டும் இருந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

வாத்தியார் நேரே கொல்லைப்புறம் போனார். தொட்டியின் வாயை வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஆட்டுக்கல் குழி துடைத்துக் கிடந்தது. சிரட்டை ஒன்றுகூட இல்லை. பழைய டயரைப் போன வாரமே குப்பை வண்டியில் ஏற்றிவிட்டார்களாம். வைது தீர்க்க வந்த வாய்க்கு வேலையே இல்லை.

“அப்போ பக்கத்து வீட்டுக்காரன் வச்சிருப்பான்” என்றார் எரிச்சலோடு.

வெள்ளையம்மை வீட்டுக்குள் போனார். பொன்னுக்கிளி படுக்கும் கட்டிலின் தலைமாட்டில் சாமி மாடம். அதில் குங்குமப் பொட்டு வைத்த ஒரு மண் கலயம், திறந்தபடி இருந்தது. அதை எடுத்து, ஒரு வெள்ளைத் தட்டில் கொஞ்சம் சாய்த்தார்.

பிச்சம்மாள் பதறிப்போய் ஓடிவந்தாள்.

“கொட்டிராதீங்கம்மா. காய்ச்சல் அண்டாம இருக்க வாத்தியார் ஐயா கொடுத்த தீர்த்தம் அது. ஒரு மண்டலத்துக்குக் கொட்டவும் கூடாது, மூடவும் கூடாது, குறையக் குறையத் தண்ணி ஊத்தி நிறைச்சு வைக்கணும்னு சொல்லியிருக்காங்க. ஒரு நாள்கூட நான் தவறலை.”

தட்டில் பத்திருபது புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன.

வாத்தியார் குனிந்து பார்த்தார். நிமிர வெகு நேரம் ஆயிற்று.

“அது தீர்த்தமாச்சேம்மா” என்றார்.

“அதைக் கொசுவுக்கு யார் சொல்றது? எத்தனை வீட்டுக்குக் கொடுத்தீங்க?”

“நாப்பது.”

வெளியே வந்ததும் வாத்தியார் சொன்னார். “நீங்க ஊர்ல இல்லை. விபூதி கொடுங்க, கயிறு கொடுங்கன்னு அழுதுக்கிட்டு வந்து நிக்காங்க. வெறுங்கையோட அனுப்ப மனசு வரலை. அபிஷேகத் தண்ணியைக் கொடுத்தேன். சும்மா கொடுத்தா மதிக்க மாட்டாங்களேன்னு நானா நாலு சட்டம் போட்டேன்.”

வெள்ளையம்மை தெருவைப் பார்த்தார். தெரு நெடுக வீடுகள் இருந்தன. வீட்டுக்கு ஒரு மாடம், மாடத்துக்கு ஒரு கலயம்.

“அரை மண்டலமே போதும்னு சொல்லிடுறேன். இன்னைக்கே எல்லாரும் கொட்டிருவாங்க.”

“கொட்டுவாங்க. அடுத்த காய்ச்சலுக்கு மறுபடியும் கலயம் கேட்டு வருவாங்க. கொடுப்பீங்களா?”

வாத்தியாருக்குச் சுருக்கென்றது. கோபம் திரும்பவும் மூக்குக்கு மேல் ஏறியது.

“வேற என்ன செய்யச் சொல்றீங்க? நாப்பது வாசல்லயும் நின்னு, நான்தான் தப்புப் பண்ணிட்டேன்னு சொல்லணுமா? இந்த வயசுல? சொன்னா, அதுக்கப்புறம் எவம்மா என் பேச்சைக் கேப்பான்?”

வெள்ளையம்மை அடுத்த வீட்டுப் படியில் கால் வைத்தபடி திரும்பிப் பார்த்தார்.

“கேட்டவதான் வாத்தியாரே, ஆஸ்பத்திரியில படுத்திருக்கா.”