மூன்றாவது நாசில்

மலையடிவாரத்து மடத்தில் அன்று விடிந்ததிலிருந்தே செம்மலைக்கு வயிறு எரிந்தது.

முந்தின நாள் குருபூசை. வெளியூர் அன்பர்கள் கூடியிருக்க, சீடர்களை ஒவ்வொருவராக எழுப்பிக் கேள்வி கேட்பது தவசியப்ப சுவாமியின் வழக்கம். அங்கப்பனின் முறை வந்தது. சமையற்கட்டிலிருந்து ஈரக் கையோடு ஓடி வந்தவன், சாமி கேட்டதற்கு ஒரு வார்த்தை சொல்லத் தெரியாமல் திருதிருவென்று விழித்தான். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பதில் தெரியாதவனுக்கு மடத்தில் இடமில்லை என்பது அங்கே எழுதாத சட்டம்.

"காலையில் பஸ் ஏத்தி விட்டுரு" என்று செம்மலையிடம் சொல்லிவிட்டு சாமி எழுந்து போய்விட்டார்.

ஏற்றிவிடலாம். இறங்கி எங்கே போவான்? தாய் தகப்பன் இல்லை, ஊரில் ஒண்ட ஒரு கூரை இல்லை. மடத்துக்குச் சோறாக்கிப் போட்டே தலை நரைத்தவன். அந்தச் சோற்றைத் தின்றவர்களில் ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை. செம்மலைக்கு அதுதான் ஆறவில்லை.

செம்மலை சீடனாவதற்கு முன்பு லாரி மெக்கானிக். மில்காரர் ஒருவர் மடத்துக்குக் காணிக்கையாகக் கொடுத்த பழைய டீசல் காருக்கு அவன்தான் டிரைவர், அவன்தான் வைத்தியன். காரை ஸ்டார்ட் செய்து வாசலில் நிறுத்திவிட்டு, நேராகப் பாடம் நடக்கும் கூடத்துக்குப் போனான்.

"சாமி, இது நியாயங்களா?"

"எது?"

"அங்கப்பனை அனுப்பறது."

"பாடம் எல்லாருக்கும் ஒண்ணுதான் செம்மலை. மத்தவங்களுக்கு ஏறுச்சு, அவனுக்கு ஏறலை. நான் என்ன பண்ணட்டும்?"

வாசலில் கார் உதறிக்கொண்டு நின்றது. பக்கத்தில் துணிப்பையோடு அங்கப்பன் நின்றான். சாமி அந்தப் பக்கம் கை காட்டினார்.

"உன் வண்டி ஏன் இப்படி உதறுது?"

"நாலு சிலிண்டருக்கும் டீசல் சமமா இறங்கலைங்க. ஒண்ணு வேலை செய்யறதில்லை. மத்த மூணும் அதையும் சேர்த்து இழுக்குதுங்க."

"டீசலை அனுப்பற பம்பு ஒண்ணுதானே? நாலுக்கும் ஒரே மாதிரிதான் கொடுக்குது. மூணு வாங்கிக்குது. மிச்சம் ஒண்ணுல டீசலைப் பீய்ச்சற நாசில் அடைச்சுக்கிட்டு வாங்க மாட்டேங்குது. அடைச்ச நாசிலைத் தூக்கி எறியறோம். அதுக்காகப் பம்பைக் குத்தம் சொல்லுவியா?"

சீடர்கள் 'ஆகா' என்றார்கள். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார்.

செம்மலைக்குச் சுருக்கென்றது. சாத்திரத்திலிருந்து கதை சொல்லியிருந்தால் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பான். கொல்லன் தெருவிலே வந்து ஊசி விற்றால்?

"வண்டியைத் திறந்து பார்க்காம சொல்லாதீங்க சாமி."

ஆகா பாதியில் நின்றது. அந்த மடத்தில் சாமியைப் பார்த்து 'சொல்லாதீங்க' என்று அதுவரை யாரும் சொன்னதில்லை.

"அப்படியா? திறந்து காட்டு" என்றார் சாமி. முகம் சிவந்திருந்தது.

எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். செம்மலை பானெட்டைத் தூக்கி, ஸ்பேனரை எடுத்தான். பம்பிலிருந்து நான்கு நாசில்களுக்கும் நான்கு மெல்லிய குழாய்கள் போயின. என்ஜின் ஓட ஓடவே முதல் நாசிலில் குழாயின் நட்டைத் தளர்த்தினான். டீசல் வெளியே சிதறியது. என்ஜின் திணறி, நிற்கப் பார்த்தது. நட்டை இறுக்கினான்.

"இது வேலை செய்யுது. அதனாலதான் நிறுத்தினதும் வண்டி தவிக்குது."

இரண்டாவதைத் தளர்த்தினான். அதே திணறல். மூன்றாவதைத் தளர்த்தினான். என்ஜின் கண்டுகொள்ளவே இல்லை, முன்போலவே உதறிக்கொண்டிருந்தது. நான்காவதுக்கு மறுபடி திணறியது.

"ஆக, மூணாவது தண்டம்" என்றார் சாமி. "நான் சொன்னதுதானே?"

"இதுவரைக்கும் நீங்க சொன்னதுதான். அவசரக்கார மெக்கானிக் இத்தோட நாசிலைத் தூக்கிக் குப்பையில போட்டிருவான். பாதிப் பேர் அப்படித்தாங்க தொழில் பண்றாங்க, நல்ல சாமானைக் குப்பைக்கு அனுப்பிக்கிட்டு."

என்ஜினை நிறுத்தினான். முதல் நாசிலையும் மூன்றாவதையும் கழற்றி இடம் மாற்றினான். சூடு கையைச் சுட்டது. அங்கப்பன் பையைக் கீழே வைத்துவிட்டு, கேட்காமலே ஈரத் துணி கொண்டுவந்து நீட்டினான். இவனைப் போய் பஸ் ஏற்றி அனுப்பப் போகிறோமே என்று செம்மலைக்குக் கோபம் இன்னும் தலைக்கேறியது. அதற்குள் ரோட்டில் காலை பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றி, மறுபடி ஸ்டார்ட் செய்தான்.

"பாருங்க சாமி. நாசில்தான் கெட்டதுன்னா, இப்ப கோளாறு ஒண்ணாவதுக்குப் போயிருக்கோணும்."

முதலாவதைத் தளர்த்தினான். என்ஜின் திணறியது.

"நீங்க தூக்கி எறியச் சொன்ன நாசிலுங்க இது. ஒண்ணாவது இடத்துல வெச்சா வேலை செய்யுது."

மூன்றாவதைத் தளர்த்தினான். அங்கே இப்போது நல்ல நாசில் இருந்தது. என்ஜின் அப்போதும் கண்டுகொள்ளவில்லை.

கடைசியாக, மூன்றாவது குழாயைப் பம்பின் பக்கத்திலேயே தளர்த்தினான். மற்றவை சீறிய இடத்தில் இது கசிந்தது. வியர்வை மாதிரி ஒரு சொட்டு திரண்டு, விழலாமா வேண்டாமா என்று நின்றது.

"பம்புக்குள்ள ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி உறுப்பு இருக்குதுங்க. மூணாவதுக்கு உள்ளது தேஞ்சு போச்சு. நாலுக்கும் கொடுக்கறதா பம்பு நினைச்சுக்கிட்டிருக்குது. மூணுக்குத்தான் கொடுக்குது."

சீடர்கள் தரையைப் பார்த்தார்கள். கண்ணை மூடித் தலையாட்டியவர் இப்போது கண்ணைத் திறந்தே வைத்திருந்தார்.

சாமி அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அங்கப்பன் பக்கம் திரும்பினார்.

"அங்கப்பா."

"சாமி."

"காலையில நான் பாடம் சொல்றப்ப நீ எங்கே இருப்பே?"

அங்கப்பன் மிரண்டுபோய் செம்மலையைப் பார்த்தான். பிறகு மெல்லச் சொன்னான்.

"அடுப்படியில சாமி. பாடம் முடியறப்ப கஞ்சி தயாரா இருக்கோணுமுங்களே."

"அங்கே இருக்கச் சொன்னது யாரு?"

அங்கப்பன் குருபூசையில் நின்ற மாதிரியே நின்றான். இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் இல்லை. சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

செம்மலைக்குப் பொறுக்கவில்லை. "நீங்கதானுங்க சாமி" என்றான்.

சாமி குனிந்து, கீழே கிடந்த துணிப்பையைத் தன் கையால் எடுத்தார். அதைத் தூக்கிக்கொண்டு சமையற்கட்டுப் பக்கம் நடந்தவர், வாசற்படியில் நின்றார்.

"நாளையிலிருந்து பாடம் அடுப்படியில" என்றார். "மத்தவங்க அரிசி களைஞ்சுக்கிட்டே கேக்கட்டும்."