சம்மதமில்லாதவர் பேசட்டும்

"சாமி, இந்த ஜனங்க ஏன் வாயைத் திறக்க மாட்டேங்குறாங்க?"

காலைப் பிச்சைக்குப் போய்த் திரும்பிய கையோடு உடையப்பன் கேட்ட கேள்வி இது. தோளில் தொங்கிய பாத்திரத்தைக்கூட இறக்கி வைக்கவில்லை.

சாமி மடத்து முற்றத்தில் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"கடைத்தெரு பூரா பட்டாளம் நிக்குது. சந்தையில அரிசி இல்ல. போன மாசம் மில் வாசல்ல அத்தனை பேரைச் சுட்டானுங்க. ஒருத்தனாவது இது அநியாயம்னு சொல்றானா? எல்லாம் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போகுது. இதுங்களுக்கு ஓட்டு ஒரு கேடா?"

"அவங்களை யாரு கேட்டா?" என்றார் சாமி.

உடையப்பனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் திருப்பிக் கேட்பது இந்தச் சாமிக்குப் பிறவிக் குணம்.

"நான் உங்களைக் கேட்டேன்."

"நான் கூட்டிக்கிட்டிருக்கேன். அந்தப் பக்கம் கொஞ்சம் நகருங்க."

நகர்ந்தார். வேறென்ன செய்வது?

பர்மாவில் ஐராவதி ஆறு பல கிளையாகப் பிரிந்து கடலுக்குப் போகிற பக்கம் இருந்த சின்ன ஊர் அது. ரைஸ் மில்களும், ஒரு படகுத்துறையும், இந்தப் புத்த மடமும்தான் ஊர். உடையப்பன் மில் தொழிலாளர் சங்கத்துக்குச் செயலாளர். அப்பா காலத்தில் சிவகங்கைச் சீமையிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். சாமி பர்மாக்காரர், படகோட்டி மகன். பெயர் ஊ நந்தியா. சின்ன வயதில் மில் லைன் வீடுகளில் தமிழ்ப் பிள்ளைகளோடு புரண்டு வளர்ந்ததில் தமிழ் தண்ணீர்பட்ட பாடு. "உடையப்பண்ணே, பட்டம் ஒட்டித் தாங்க" என்று வாசலில் வந்து நின்ற பயல்தான்.

அந்தப் பயல் மொட்டையடித்துத் துறவியாகி வருஷம் பதினைந்து ஆயிற்று. உடையப்பன் துறவியாகி ஒரு மாதம். மடத்தில் வயசு செல்லாது. யார் முன்னால் வந்தாரோ அவர் பெரியவர். ஆகையால் நாற்பத்தைந்து வயது உடையப்பன், பட்டம் ஒட்டிக் கொடுத்த பிள்ளையின் காலில் தினமும் விழுந்து எழுந்தார்.

துறவியானதும் பக்தியால் இல்லை. பட்டாளம் ஆட்சியைப் பிடித்து, தேர்தல் கிடையாது, சங்கம் கிடையாது என்று அறிவித்தபோது மில் வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தியவர் இவர். சுட்டார்கள். பக்கத்தில் நின்ற கோ மியா விழுந்தான். உடையப்பன் ஓடினார். ஓடியவர் வந்து நின்ற இடம் மடத்துக் கொல்லைக் கதவு. சாமி என்ன ஏது என்று கேட்கவில்லை. சவரக் கத்தியை எடுத்துவந்தார். தலையோடு புருவத்தையும் வழித்துவிட்டார்.

பெண்டாட்டி பிள்ளைகளை முன்கூட்டியே மெட்ராஸுக்குக் கப்பலேற்றி விட்டிருந்தது எவ்வளவோ நல்லதாகப் போயிற்று.

கோ மியா சங்கத்துக் கூட்டாளி. அருமையான பயல். சங்கத்தில் ஓட்டெடுப்பு என்றால் இரண்டு கையையும் தூக்குவான். "டேய், ஒரு கைக்குத்தாண்டா கணக்கு" என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்கமாட்டான். "எனக்கு ரெண்டு மடங்கு சம்மதம்" என்பான். கூடமே சிரிக்கும். மில் சங்கு ஊதி, டீயும் தேயிலை ஊறுகாயும் வந்து, சண்டையும் சத்தமுமாக ஒரு முடிவுக்கு வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அடடா, என்ன நாட்கள் அவை!

அந்தச் சத்தம் ஊரிலேயே இல்லாமல் போய்விட்டது என்றுதான் உடையப்பன் நினைத்தார். மடத்தில் அது மிச்சமிருந்தது.

மடத்தில் எந்தக் காரியமானாலும் சபை கூடும். சாமி விஷயத்தைச் சொல்வார். சம்மதம் என்கிறவர் பேசாமல் இருக்க வேண்டும். சம்மதமில்லாதவர் பேச வேண்டும். இதை மூன்று முறை கேட்பார். மூன்று முறையும் யாரும் வாய் திறக்காவிட்டால் காரியம் நடக்கும். ஒரே ஒருவர் மாட்டேன் என்றாலும் நடக்காது.

கிணற்றடிப் பலாமரத்தை வெட்டுவதா என்று ஒரு நாள் கூடினார்கள். இலை கொட்டிக் கிணறு நாறுகிறது. எல்லோரும் வெட்டலாம் என்று கம்மென்று இருக்கையில், மூன்றாவது தடவை கேட்டபோது ஒரு குரல் வந்தது. "சம்மதமில்லை. எனக்குப் பலாப்பழம் பிடிக்கும்."

அவ்வளவுதான். மரம் தப்பியது. உடையப்பன் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

பிற்காலத்தில் வியாசர்பாடியில் மகள் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர் பர்மாவை நினைத்தபோதெல்லாம் ஆறும் நினைவுக்கு வரும், நெல் வயலும் வரும். ஆனால் ஏங்கினது மடத்துச் சபை கூடின அந்தக் கூடத்துக்குத்தான். ஒரு மரத்துக்காக அத்தனை பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்ட இடம் அது.

ஒரு நாள் தளபதி வந்தார்.

மில் வாசலில் சுடச்சொன்ன அதே தளபதி. செருப்பைக் கழற்றிவிட்டு முறைப்படி விழுந்து வணங்கினார். இறந்துபோன தம் தாயார் பெயரில் மடத்துக்குப் பெரிய மண்டபம் கட்டித் தருவதாகச் சொன்னார். தேக்குத் தூண், பளிங்குத் தரை. சாமி அதை ஏற்றுக்கொள்வதைப் பத்திரிகைக்காரர்கள் படம் எடுப்பார்கள்.

விஷயம் குழந்தைக்கும் புரியும். சுட்ட நாளிலிருந்து ஊரில் ஒரு ஜனம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மடம் கைநீட்டி வாங்கிவிட்டால் ஊரே மன்னித்த மாதிரி.

"சபையைக் கேட்க வேண்டும்" என்றார் சாமி.

தளபதிக்குச் சிரிப்பு வந்தது. "நீங்கள்தானே தலைவர்? நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதாதா?"

"போதாது."

"சரி, கேளுங்கள். நாளைக் காலையில் வருகிறேன்." வாசல்வரை போனவர் திரும்பிப் பார்த்தார். "யாரும் மறுக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்."

அன்று சாயங்காலம் கிணற்றடியில் உடையப்பன் சாமியைப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்கு நான் பேசட்டுமா?"

"அதை எங்கிட்ட ஏன் கேக்குறீங்க?"

"பேசினா அவனுக்கு என் குரல் தெரிஞ்சுபோகும். தூக்குல போடுவான். மடத்தையும் விடமாட்டான். பேசாட்டி கோ மியாவைச் சுட்டவன் கட்டின கூரைக்குக் கீழ நான் படுத்துத் தூங்கணும். வழி சொல்லுங்க சாமி."

சாமி ஒரு வாளி தண்ணீர் சேந்தி உடையப்பனின் காலில் ஊற்றினார்.

"நாளைக்கு நான் உங்களைக் கேப்பேன். அப்பச் சொல்லுங்க."

"அது எனக்குத் தெரியாதா? இப்ப வழி சொல்லுங்கன்னா…"

"காலைத் தேய்ச்சுக் கழுவுங்கண்ணே. சேறு போகல."

காலையில் சபை கூடியது. தளபதி முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார்.

"எழுந்திருக்க வேண்டும்" என்றார் சாமி. "சபை நடக்கும்போது எல்லைக் கல்லுக்கு உள்ளே துறவிகள் மட்டும்தான் இருக்கலாம்."

"நானுமா?"

"ராஜா வந்தாலும் வெளியேதான்."

தளபதி முகம் சிவந்து போய்விட்டது. ஆனாலும் எழுந்து வெளியே போய் லாரிப் பக்கம் நின்றார். ஜன்னல் வழியே அவரும் தெரிந்தார், சிப்பாய்களின் துப்பாக்கியும் தெரிந்தது. பேச்சு மட்டும் அங்கே கேட்காது.

சாமி நிதானமாகச் சொன்னார்.

"துறவியர் சங்கத்தார் கேட்டருள வேண்டும். தளபதி தரும் மண்டபத்தை ஏற்பது யாருக்குச் சம்மதமோ, அவர் பேசாதிருக்கட்டும். யாருக்குச் சம்மதமில்லையோ, அவர் பேசட்டும்."

சொல்லிவிட்டு வெற்றிலை போடுகிற நேரம் காத்திருந்தார். ஒருவரும் பேசவில்லை.

உடையப்பன் வாயைத் திறக்கப் பார்த்தார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அடுத்த தடவை சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டார்.

"இரண்டாம் முறை கேட்கிறேன். யாருக்குச் சம்மதமில்லையோ, அவர் பேசட்டும்."

மகள் ஞாபகம் வந்தது. தூக்குக் கயிறு ஞாபகம் வந்தது. தன்னால் இத்தனை துறவிகளும் அடிபடுவார்களே என்று ஒரு நல்ல காரணமும் கிடைத்தது. சாமி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். உடையப்பன் முகத்துக்கு வந்தபோது கூடுதலாக ஒரு கணமும் நிற்கவில்லை. எல்லோரையும் பார்த்த மாதிரியே பார்த்துவிட்டுப் போனார்.

கடைத்தெருவில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனவர்களை உடையப்பனுக்கு அப்போது நினைவு வந்தது. வெட்கத்தில் உடம்பு கூசியது.

"மூன்றாம் முறை கேட்கிறேன். யாருக்குச் சம்மதமில்லையோ…"

"எனக்குச் சம்மதமில்லை."

பேசியவர் ஊ வாயாமா. மடத்திலேயே வயதானவர், மடத்திலேயே பயந்தாங்கொள்ளி. லாரிச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கடியில் நுழைந்துகொள்வார்.

"காரணம் சொல்ல வேண்டியதில்லை" என்றார் சாமி.

"செத்தவர்களுக்கெல்லாம் நான்தான் ஓதினேன்" என்றார் கிழவர். "அதில் ஒரு பையனுக்கு மீசைகூட முளைக்கவில்லை."

"சங்கத்துக்குச் சம்மதமில்லை. சபை கலைந்தது" என்று சாமி எழுந்தார்.

வெளியே தளபதி படம் எடுக்க ஆளைத் தயாராக நிறுத்தியிருந்தார்.

"சங்கம் ஏற்கவில்லை" என்றார் சாமி.

"எல்லோருமா மறுத்தார்கள்?"

"ஒருவர்."

"ஒரே ஒருவனா? மற்றவர்கள்?"

"பேசவில்லை."

"ஒருவன் பேச்சுக்காக என் தாயார் மண்டபத்தை வேண்டாம் என்கிறீர்களா?"

"ஒருவர் போதும். எங்கள் வழக்கம் அது."

"யார் அவன்?"

"அதை வெளியே சொல்வதில்லை."

தளபதி சாமியை விட்டுவிட்டு, வரிசையாக நின்ற துறவிகள் பக்கம் திரும்பினார். "யார்?" என்று ஒரு அதட்டல் போட்டார்.

ஊ வாயாமா ஒரு காலை முன்னால் எடுத்து வைக்கப் பார்த்தார். நடுக்கத்தில் கால் கிளம்பவில்லை. இவரை ஜெயிலில் போட்டால் ஒரு மழைக்காலம் தாங்கமாட்டார்.

"நான்தான்."

சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று உடையப்பனுக்குத் தெரிந்தது. நல்ல சத்தமாகவே வந்திருந்தது. மில் வாசல் குரல்.

தளபதி கிட்டே வந்து புருவமில்லாத அந்த முகத்தை உற்றுப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அடையாளம் தெரிந்தது.

"ஓகோ, நீயா!" என்றார்.

பிடிக்க வந்த சிப்பாய் உள்ளூர்ப் பையன். துப்பாக்கியைத் தரையில் வைத்தான். மூன்று தரம் விழுந்து கும்பிட்டான். பிறகு எழுந்து உடையப்பன் கையைப் பிடித்தான்.

ஊ வாயாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். சாமி அவர் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டு, நேரே போய் லாரியில் ஏறிக்கொண்டார்.

"உங்களைக் கூப்பிடவில்லையே" என்றான் பையன்.

"சபையைக் கூட்டியவன் நான். எடு வண்டியை."

தளபதி மறுக்கவில்லை. லாரி கிளம்பியது.

அந்த லாரிப் பயணத்தை உடையப்பன் கடைசிவரை மறக்கவில்லை. ஜெயிலில் கழிந்த வருஷங்கள் மங்கிப்போயின. அங்கே பட்ட அடிகூட மறந்துபோயிற்று. இது மட்டும் அப்படியே இருந்தது. மழை விட்டிருந்தது. வயலெல்லாம் பச்சைப்பசேல் என்று கிடந்தது. துறையில் படகுகள் கட்டியிருந்தன. அந்த ஊரை இனிப் பார்க்கமாட்டோம் என்று தெரிந்து, ஒரு வீடு விடாமல் கண்ணால் அள்ளிக்கொண்டு போனார். ஐயோ, எவ்வளவு அழகான ஊர்!

ஜனங்கள் வாசலுக்கு வந்தார்கள். லாரியில் துறவிகள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரச் சேற்றில் அப்படியே மண்டியிட்டார்கள். தெரு நெடுக அப்படித்தான். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. உடையப்பனுக்கும் இப்போது அவர்கள்மேல் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது.

மில் வாசல் தாண்டியதும் சாமி மெல்லச் செருமினார்.

"உள்ள நான் மூணு தரம் கேட்டேன். நீங்க வாயே திறக்கல. அந்த ஆளு ஒரு தரம்தான் கேட்டான்."

உடையப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

"அதுவும் பேசினது வாயாமா. நான்தான்னு நீங்க சொன்னது பச்சைப் பொய். துறவி பொய் சொல்லலாமா?"

உடையப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பொய் இல்ல சாமி" என்றார். "லேட்டாச் சொன்னேன்."